நாலு சக்கரமும் தரையில் படணும்

பெரம்பலூர்,
11.8.2024

அன்புள்ள வளர்மதிக்கு,

சுகன்யா எழுதிக்கொள்வது. ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக இருக்கிறேன். பெரியம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? பெரியப்பா எப்படி இருக்கிறார்? இங்கே போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், அதனால்தான் கடிதம். வார்டன் மேடம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் போடுவார்கள். மேடம், வணக்கம். சாம்பாரைப் பற்றி எழுதியது விளையாட்டுக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஸ்கூலுக்கு ரோபோ பெட்டி வந்துவிட்டது. உங்கள் கீழப்பழுவூர் ஸ்கூலுக்கும் ஒன்று வந்திருக்கிறது, நீதான் லீடர் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தாயா நீ? பெட்டிக்குள் இரண்டு மோட்டார், நாலு சக்கரம், பேட்டரி, ரிமோட், வயர் எல்லாம் இருக்கிறது. வண்டிக்கு உடம்பு மட்டும் கிடையாது. சேஸி என்கிறார்கள். எல்லாவற்றையும் தாங்குகிற அடிச்சட்டம். அதை நாமே செய்துகொள்ள வேண்டுமாம்.

நேற்று ஒரு மோட்டாரில் சக்கரத்தை மாட்டி, கையில் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அமுக்கினோம். சக்கரம் சுற்றியது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் நாங்கள் ஐந்து பேரும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தோம். "நாம சொல்றத அது கேக்குதுடி" என்றாள் சுமதி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நாங்கள் சொல்வதை இந்த ஹாஸ்டலில் வேறு எது கேட்டிருக்கிறது, சொல்லு.

பெட்டி கொடுத்த டிரஸ்ட்காரர்கள் ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார்கள், உங்களுக்கும் அதேதான். ஜனவரிக் கடைசியில் அரியலூரில் போட்டி. களத்துக்கு நடுவில் ஒரு மேடு இருக்கும். ஒரு தடவையாவது அதைத் தாண்டி வண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். போகவில்லை என்றால் பெட்டி திரும்பப் போய்விடும். ஒன்பதாவது பிள்ளைகள் இப்போதே ஜன்னலில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்த வருஷம் அவர்களுக்கு இது இல்லாமல் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு சாப்பாட்டு வரிசையில் நிற்பது?

சேஸிக்கு ஒரு யோசனை சொல்கிறேன். எங்கள் எறையூர் மில்லுக்கு வருகிற கரும்பு டிரெய்லரை நீ பார்த்திருக்கிறாய். டயர் தெரியாத அளவுக்கு ஏற்றினாலும் அடிச்சட்டம் வளையாது. மொத்தமும் வெல்டிங், அதனால்தான். நட்டு போல்ட்டெல்லாம் கழன்றுவிடும். இரும்புக் குழாய் வாங்கி வெல்டு வைத்துவிடு. நானும் அதைத்தான் செய்யப் போகிறேன். கண்ணை மூடிக்கொண்டு செய்.

பெரியம்மாவை நேரத்துக்கு மாத்திரை போடச் சொல்லு.

பிரியமுடன்,
சுகன்யா

*

கீழப்பழுவூர்,
25.8.2024

சுகன்யாவுக்கு வளர்மதி எழுதுவது.

அம்மா முட்டிவலி என்று புலம்பிக்கொண்டே மாடி ஏறி வடகம் காயப்போடுகிறார்கள். தேவலையா இல்லையா என்று நீயே முடிவு செய்துகொள். அப்பா நலம். எறையூரில் சித்தி, சித்தப்பா சுகம்தானே? உன் வார்டன் மேடத்துக்கு என் வணக்கத்தையும் சொல்லு.

நான் லீடர் என்பது பேருக்குத்தான். டீமில் பரணிதரன், கலையரசன் இரண்டு பேர். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொடுங்கடா என்றால் பொழுது சாய்ந்துவிடுகிறது. எங்கள் பிசிக்ஸ் சார் குருமூர்த்தி சார் நல்லவர். "நீங்களே பண்ணுங்க, கெட்டுப்போனா நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு பேப்பர் திருத்தப் போய்விடுவார்.

போன வாரம் அரியலூர் போகிற வழியில் ஒரு பட்டறையில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்து டம்பர் லாரி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மேல்பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். அடியில் நீளவாக்கில் இரண்டு இரும்பு, குறுக்கே நாலைந்து இரும்பு. வேறு ஒன்றும் இல்லை சுகன்யா. அதன் மேல்தான் ஒரு குன்றையே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். என் தலைக்கு மேல் இருந்தது அந்தச் சட்டம். கோயிலுக்குள் நிற்கிற மாதிரி நின்று பார்த்தோம். கலையரசன் செருப்பைக் கழற்றிவிட்டான், அவனுக்கே தெரியாமல்.

அதிலும் வெல்டிங்தான். நீ சொன்னது சரி என்று தோன்றுகிறது. கதவு, கிரில் அடிக்கிற பட்டறை ஒன்று எங்கள் தெருவிலேயே இருக்கிறது. சதுரக் குழாய் வாங்கியாகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். சாம்பாரை விட்டுவிடாதே.

வளர்மதி

*

பெரம்பலூர்,
10.10.2024

அன்புள்ள வளர்மதி,

இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டாதே. காலாண்டுப் பரீட்சை, அப்புறம் காய்ச்சல், இப்போது இரண்டும் விட்டுப்போய் நலமாக இருக்கிறேன். நீங்களும் அங்கே நலமாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. வெல்டிங் பட்டறைக்குப் போக அவுட்பாஸ் கேட்டோம். "பொட்டப்புள்ளைங்களுக்கு வெல்டிங் பட்டறையில என்ன வேலை" என்று மேடம் கையெழுத்துப் போடவில்லை. (மேடம், நடந்ததைத்தான் எழுதுகிறேன்.) வேறு வழி தெரியாமல் லைப்ரரியில் உடைந்து கிடந்த ரேக்கைப் பிரித்தோம். அதன் இரும்பு ஆங்கிளில் வரிசையாக ஓட்டை இருக்கும் அல்லவா, அதை வெட்டி, போல்ட் போட்டு, தற்காலிகமாக ஒரு சட்டம் செய்தோம். அதுதான் எங்களுக்கு வாத்தியார் ஆகிவிட்டது. கேள்.

முதலில் செய்தது கோணல். பார்த்தால் தெரியாது. மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. போல்ட்டைத் தளர்த்தி, தட்டி, மறுபடி முடுக்கினோம், சரியாகிவிட்டது. அப்புறம் பேட்டரியை மேலே வைத்தோம். வண்டி திரும்பும்போது சாய்ந்தது. கழற்றி, நடுவில், தரையை உரசுகிற உயரத்தில் தொங்கவிட்டோம். அப்படியே பூமியைப் பிடித்துக்கொண்டது. பந்தைத் தள்ளக் கையும் கொக்கியும் மாட்ட சுமதி அவசரப்பட்டாள். நான் விடவில்லை. சட்டம் மட்டும் முதலில் ஓடட்டும், ஓடாத வண்டிக்குக் கை எதற்கு?

அப்புறம் முக்கியமான ஒன்று. வண்டியைச் சமதரையில் வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு பேப்பர் துண்டை வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். நாலும் சிக்கிக்கொண்டு வராமல் இருக்க வேண்டும். ஒன்று சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்தச் சக்கரம் தரையில் இல்லை என்று அர்த்தம். இதுவரை மூன்று தடவை எங்களுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்தோம்.

வெல்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்தாலே பகீரென்கிறது. சூட்டில் இரும்பு முறுக்கிக்கொள்ளுமாம், அப்புறம் அதை யாராலும் திருப்ப முடியாதாம், ஐ.டி.ஐ. சார் ஒருத்தர் வந்து சொன்னார். புதுசாகச் செய்கிறவர்கள் வெல்டிங் பக்கமே போகக் கூடாதாம். நல்லவேளை, மேடம் அவுட்பாஸ் கொடுக்கவில்லை.

நேற்று சாயங்காலம் பிரேயர் ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வண்டி ஓடியது. மேடமே எழுந்து நின்று பார்த்தார்கள். எங்கள் கையால் செய்தது நேர்கோட்டில் போகிறது, திரும்பு என்றால் திரும்புகிறது. கண்ணை எடுக்க முடியவில்லை வளர்.

தீபாவளிக்கு எறையூர் வந்துவிடு. நேரில் நிறையப் பேசலாம்.

சுகன்யா

*

கீழப்பழுவூர்,
12.10.2024

சுகன்யாவுக்கு,

எல்லோரும் சுகம். உனக்குக் காய்ச்சல் என்று சித்தி போனில் சொன்னார்கள். விட்டுவிட்டதா? கஞ்சி குடி.

சேஸி முடிந்தது. நீ சொன்னபடியே ஒரு இடம் விடாமல் வெல்டு. பட்டறைக்காரர் பழனிவேல் அண்ணன், "என்னம்மா, இதுல கரும்பு ஏத்தப் போறியா" என்று சிரித்தார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக அதன் மேல் ஏறி நின்றோம். அசையவில்லை. ஸ்கூலே வந்து வேடிக்கை பார்த்தது.

நேற்று ஆயுத பூஜைக்கு வீட்டில் அப்பாவின் மண்வெட்டிக்குப் பக்கத்தில் அதையும் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டோம். கருப்பு பெயின்ட் அடித்து வரிசையாகப் பொட்டு வைத்ததும், நான் செய்ததுதானா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. அப்பா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது ஓடுமாம்மா" என்று மெதுவாகக் கேட்டார். ஓடும்ப்பா என்றேன்.

இன்று சக்கரம் மாட்டப் போகிறோம். யோசனை சொன்னதற்கு உனக்கு ஒரு மைசூர்பாகு பாக்கி. தீபாவளிக்குக் கொண்டுவருகிறேன்.

வளர்மதி

*

பெரம்பலூர்,
19.10.2024

அன்புள்ள வளர்மதி,

நலம். நீங்கள் நலமா?

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையதைப் படித்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ பயப்பட வேண்டியதில்லை. எல்லா வெல்டும் முறுக்கிக்கொள்ளும் என்று இல்லை. நல்ல கை பட்டால் சரியாகவே வருமாம். பேப்பர் வைத்துப் பார்த்தாயா? நாலும் சிக்குகிறதா? உடனே எழுது. ஒரு கார்டு போட்டால்கூடப் போதும்.

தீபாவளிக்கு வருகிறாய்தானே?

சுகன்யா

*

கீழப்பழுவூர்,
9.11.2024

சுகன்யாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். தீபாவளிக்கு வர முடியவில்லை. அம்மாவிடம் பலகாரம் கொடுத்துவிட்டிருந்தேன். வந்து சேர்ந்ததா?

இங்கே ஒரே மழை. ஏரி நிரம்பிவிட்டது. வயலில் கால் வைக்க முடியவில்லை. இயற்பியலில் ஆறாவது பாடம் உங்களுக்கு ஆரம்பித்துவிட்டார்களா? எங்களுக்கு நடக்கிறது. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் கலையரசன் செருப்பைத் தொலைத்துவிட்டான்.

வண்டி இருக்கிறது.

வளர்மதி

*

பெரம்பலூர்,
25.11.2024

வளர்,

நலம் விசாரித்து எழுத எனக்கு இன்று யோக்கியதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா ஹாஸ்டலுக்கு வந்திருந்தார்கள். பெரியம்மா சொன்னதையெல்லாம் சொன்னார்கள். ஒரு சக்கரம் தரையில் படாமல் நிற்கிறதாம். மூன்று வாரமாக அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாம், சோறு இறங்கவில்லையாம். "ஒன் தங்கச்சி பேச்சக் கேட்டுத்தான் கெட்டோம்" என்று பரணிதரன் ஸ்கூலில் எல்லார் முன்னாலும் கத்தினானாம்.

அவன் சொன்னது சரிதான். நான் செய்து பார்க்காததை உன்னிடம் செய் என்றேன். நான் தப்பித்தது அவுட்பாஸால், என் புத்தியால் இல்லை. போதாக்குறைக்கு, நல்லவேளை என்று வேறு எழுதியிருக்கிறேன். அந்த வரியை நீ எப்படிப் படித்திருப்பாய் என்று நினைத்து நினைத்து அழுகிறேன். உன்னைப் பார்த்து அழுவதற்கும் எனக்கு முகம் இல்லை.

ரேக் ஆங்கிள் மிச்சம் இருக்கிறது. வெட்டி, போல்ட்டோடு கட்டி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை பஸ்ஸில் கொண்டுவருவார்கள். இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது. செய்துவிடலாம். பெட்டியை விட்டுவிடாதே, தயவுசெய்து.

சுகன்யா

*

கீழப்பழுவூர்,
8.12.2024

சுகன்யாவுக்கு,

சித்தி வந்து போனார்கள். ஆங்கிளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு உதவும்.

எங்கள் வண்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பரீட்சை நன்றாக எழுது.

வளர்மதி

*

பெரம்பலூர்,
10.1.2025

அன்புள்ள வளர்மதிக்கு,

பெரியம்மா, பெரியப்பா, உனக்கு, எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. எறையூரில் மில்லுக்குக் கரும்பு வர ஆரம்பித்துவிட்டதாம். அப்பா நலமாக இருப்பதாகத் தகவல்.

டிசம்பரில் உனக்குப் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. பரவாயில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், கோபமாக இருந்தாலும் செய். போட்டியில் வண்டியை ஒரு பெட்டிக்குள் இறக்கி அளவு பார்ப்பார்கள். சட்டத்தை அளந்தால் போதாது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற போல்ட் தலையையும் சேர்த்து அளக்க வேண்டும். இதை நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

25ஆம் தேதி போட்டி நடக்கிற மண்டபத்தில் உன்னைத் தேடுவேன்.

சுகன்யா

*

பெரம்பலூர்,
28.1.2025

அன்புள்ள வளர்,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? உடம்பு நலமா? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீ திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். மூன்று நாளாக என் மனசு அந்தக் கல்யாண மண்டபத்தைவிட்டு வெளியே வரவில்லை.

மணமேடையில் ஜட்ஜுகள், பந்தி போடுகிற இடத்தில் களம், தோரணம்கூடக் கழற்றவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீட்டுக் குலுக்கி, இரண்டு ஸ்கூலை ஒரு கட்சியாகச் சேர்க்கிறார்கள். பந்தைத் தள்ளிக்கொண்டு மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கட்டத்துக்குள் போட வேண்டும். நாங்கள் மேட்டுக்குப் பயப்படவே இல்லை, ஹாஸ்டலில் பலகை போட்டு எவ்வளவோ தடவை ஏற்றி இறக்கியிருக்கிறோம். அங்கே போய்ப் பார்த்தால் மேடு குறுக்குச் சாய்வாகக் கிடக்கிறது. எங்கள் வண்டியின் ஒரு முன்சக்கரம் ஏறியதும் சட்டம் மொத்தமும் சாய்ந்து, பின்னால் ஒரு சக்கரம் மேலே தூக்கிக்கொண்டது. மோட்டார் அந்தச் சக்கரத்தில்தான் இருக்கிறது. அது சும்மா காற்றில் சுற்றியது, வண்டி நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. இரண்டு ஆட்டமும் அப்படியே போயிற்று. சுமதி அழ ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் கூட்டிவந்திருந்த ஒன்பதாவது பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள்.

அப்போதுதான் உன் வண்டி பக்கத்துக் களத்தில் மேட்டில் ஏறியதைப் பார்த்தேன். வளர், அதை எப்படி எழுதுவேன். முன்பக்கத்து இரண்டு சக்கரமும் ஒன்று மேலே ஒன்று கீழே என்று தானாகச் சாய்ந்துகொண்டன. மேலே சட்டம் தண்ணீர்க் குடம் தூக்குகிறவள் கழுத்து மாதிரி ஆடாமல் வந்தது. நாலு சக்கரமும் தரையைவிட்டு ஒரு நொடிகூட எழும்பவில்லை. ஜட்ஜ் ஒருத்தர் மேடையைவிட்டு இறங்கிவந்து தரையில் உட்கார்ந்து பார்த்தார். எனக்கு என் வண்டி, பெட்டி, எல்லாம் மறந்துபோய்விட்டது. வாய் பிளந்து நின்றேன். அது உன் வண்டி என்பதுகூட அப்புறம்தான் உறைத்தது.

மூன்றாவது ஆட்டத்தில் சீட்டில் உன் ஸ்கூலும் என் ஸ்கூலும் ஒரே கட்சியாக வந்தன. நீ என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் மறுபடி மேட்டில் மாட்டிக்கொண்டோம். நீ மேட்டைத் தாண்டி, பந்தோடு கட்டத்துக்குப் பக்கத்தில் போய்விட்டாய். அதைப் போட்டிருந்தால் நீங்கள் சென்னைக்கு, மாநிலப் போட்டிக்கு. "வளரு, விட்டுட்டு வா, போடு" என்று பரணிதரன் தொண்டை கிழியக் கத்தினான். நீ பந்தை அப்படியே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினாய். மேட்டில் இந்தப் பக்கம் இறங்கி, எங்கள் வண்டிக்குப் பின்னால் வந்து, முட்டி, ஒரே தள்ளு. தொங்கிய சக்கரம் தரையைத் தொட்டது. நாங்கள் தாண்டிவிட்டோம். அத்தோடு மணி அடித்துவிட்டது.

பெட்டி எங்களுக்கே. உங்களுக்கும்தான். சென்னை மட்டும் உங்களுக்குப் போயிற்று.

நீ போனபின் உங்கள் வண்டியைச் சாமானோடு கட்டிவைத்திருந்த இடத்தில் குனிந்து அடியில் பார்த்தேன். குருமூர்த்தி சார் தடுக்கவில்லை. இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கிற முன்னச்சு நடுவில் ஒரே ஒரு போல்ட். அவ்வளவுதானா? நான் எத்தனை போல்ட் போட்டேன் தெரியுமா?

எனக்கு இரண்டு கேள்வி. இது உனக்கு எப்படித் தோன்றியது? அப்புறம், ஏன் திரும்பினாய்?

பதில் எழுதாவிட்டாலும் பெரியம்மாவிடம் என் நமஸ்காரத்தைச் சொல்லு.

சுகன்யா

*

கீழப்பழுவூர்,
6.2.2025

சுகன்யாவுக்கு வளர்மதி எழுதுவது.

ஊர் வந்து சேர்ந்தேன். நலம். அம்மாவுக்கு முட்டிவலி போய் இப்போது தோள்வலி. சித்தப்பாவுக்குக் கரும்பு வெட்டு எப்படிப் போகிறது? வெயிலில் ரொம்ப நிற்க வேண்டாம் என்று சொல்லு. பரணிதரன் இன்னும் என்னோடு பேசவில்லை. கலையரசன் பேசுகிறான், ஆனால் சென்னை என்ற வார்த்தை வந்தால் எழுந்து போய்விடுகிறான். சார் மட்டும், "பெட்டி நம்மகிட்டதானே இருக்கு, பாத்துக்கலாம்" என்றார்.

முதல் கேள்விக்குப் பதில். டிசம்பரில் ஒருநாள் மழை விட்டதும் செல்லமுத்து மாமாவின் டிராக்டர் எங்கள் வரப்பில் ஒரு முன்சக்கரம் ஏறி நின்றது. அந்தப் பக்கம் உயரம், இந்தப் பக்கம் பள்ளம். ஆனால் மாமா மேலே நேராக உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. சேற்றில் உட்கார்ந்து அடியில் பார்த்தேன். முன்னச்சு மொத்தமும் நடுவில் ஒரே முளையில் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற டிராக்டர், சுகன்யா. எத்தனை பேர் அதை ஓட்டுகிறார்கள், அதில் ஏறிக் கோயிலுக்குப் போகிறோம், அடியில் இப்படி ஒரு அதிசயத்தை வைத்துக்கொண்டு அது ஒன்றுமே தெரியாத மாதிரி நிற்கிறது. "என்னாம்மா கீழ எதாச்சும் விழுந்துடுச்சா" என்று மாமா கேட்டார். மறுநாளே பழனிவேல் அண்ணனிடம் முன்னச்சை அறுக்கச் சொன்னேன். சட்டம் முறுக்கிக்கொண்டே இருக்கட்டும், சக்கரம் தரையைத் தேடிக்கொள்ளும்.

நீ டிரெய்லரைத்தான் பார்த்தாய். அதை முன்னால் இழுத்துக்கொண்டு போகிறதைப் பார்க்கவில்லை. ஊரே அப்படித்தான், நானும் அப்படித்தான். அடுத்த வருஷம் உங்கள் வண்டிக்கும் அச்சை அறுத்து நடுவில் போல்ட் போடு. படம் போட்டு அனுப்புகிறேன். இதை நான் செய்து பார்த்துவிட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு நல்ல பதிலாக எழுத வேண்டும் என்று நாலு நாள் யோசித்தேன். வரவில்லை, உள்ளதை எழுதுகிறேன். உன் நவம்பர் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அழுகிறேன் என்று எழுதியிருந்தாய் பார், அந்த இடத்தில்தான் கிழித்தேன். கெடுத்தவளும் அவளே, அழுகிறவளும் அவளே என்று அவ்வளவு ஆத்திரம். மண்டபத்தில் நீங்கள் முதல் தடவை மாட்டிக்கொண்டபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது தடவையும்தான். பெட்டி போனால் போகட்டும், அப்போதாவது இவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது தடவை நான் கட்டத்துக்குப் பக்கத்தில் போய்விட்டேன். உன் பக்கம் பார்க்கவே இல்லை. ஆனால் சத்தம் கேட்டது. சக்கரம் தரையில் ஓடினால் ஒரு சத்தம் வரும், காற்றில் சுற்றினால் வேறு சத்தம். நவம்பர் முழுக்க, ஸ்கூல் விட்டபின் லேபில் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டவள் நான். அந்தச் சத்தம் யார் வண்டியிலிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. கை தானாக ரிமோட்டைத் திருப்பிவிட்டது. உன் வண்டி என்று தெரிந்தபோது நான் தள்ளி முடித்திருந்தேன்.

ஆகையால் எனக்கு நன்றி சொல்லி எழுதாதே. 15ஆம் தேதி சனிக்கிழமை எறையூர் வருகிறேன். நீயும் அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு வா, உன்னோடு நேரில் கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

வளர்மதி